கீரிக் கரையில் நான் வென்ற வழக்கு

மன்னார்த் தீவில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில், வெளியில் நின்று முழு வாக்கியம் பேசுபவர் குறைவு. வாக்கியத்தின் பின்பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். கேட்பவர் முன்பாதியை வைத்துக்கொண்டு தலையசைப்பார். கீரிக் கிராமத்தில் தங்கியிருந்த ஆறு வாரங்களும் நான் மட்டும் அந்தக் காற்றுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. மதுரையில் ஏழாம் வகுப்பிலேயே மேடை ஏறியவள் நான். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் குரலைச் சேர்ப்பதும், மூன்று வாதங்களில் வலியதை மூன்றாவதாக வைப்பதும், முடிப்பதற்கு முன் ஒரு கணம் மௌனம் காத்து அவையைத் தன் பக்கம் சாயவிடுவதும் எனக்குப் பழகிய கலைகள். பரிசுக் கோப்பைகள் வீட்டு அலமாரியில் இடமின்றிக் கட்டிலுக்கடியில் கிடந்தன. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இன்று இல்லையென்று சொன்னால் அது பொய்யாகும்.

ஆனால் மன்னாருக்கு நான் வந்தது பேசுவதற்கன்று. கடலுயிரியல் முதுகலை ஆய்வுக்காக, ஆழமற்ற கடலில் வளரும் கடற்புல்லைச் சதுரம் சதுரமாக அளந்து எழுதிக்கொள்ள வந்தேன். ஒவ்வொரு காலையும் இடுப்பளவு நீரில் குனிந்து நிற்பேன். சோளகம் நிலத்தைக் கடந்து வருவதால் கீரிக் கடல் அந்நாட்களில் அலையின்றி, பால் கலந்த கண்ணாடிபோல் கிடக்கும். அடியில் புல் ஒரே பக்கமாகச் சாயும், நிமிரும், மீண்டும் சாயும். நெடுநேரம் பார்த்தால் அசைவது புல்லா, நானா என்று தெரியாது. கரையேறிப் படுத்தாலும் கட்டில் அசைந்துகொண்டே இருக்கும். அந்த ஆறு வாரங்களில் நடந்த எதை நினைத்தாலும், எல்லாம் அந்த நீருக்கடியில் நடந்ததுபோலவே இப்போதும் தோன்றுகிறது.

நான் தங்கியிருந்தது ஒரு மீனவக் குடும்பத்தின் வீட்டில். வீட்டுக்காரம்மாவை, எங்கள் ஊர் ஆன்ட்டிபோல, இந்த ஊர் வழக்கில் அன்ரி என்று அழைத்தேன். அவர் கணவர் பெரும்பாலும் கடலில் இருப்பார். மகனுக்குக் கட்டாரில் வேலை. மகனின் அறையில்தான் நான் இருந்தேன். நான் பேசத் தொடங்கினால் அன்ரி கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

“நீங்கள் கதைக்கேக்க ரேடியோவில செய்தி போற மாதிரிக் கிடக்குது, பிள்ளை. உப்பு வேணும் எண்டு கேக்கிறதுக்கும் உந்தக் குரலோ?”

“உப்பு மறுக்கப்படக் கூடாதல்லவா, அன்ரி?”

“பாருங்கோ, பாருங்கோ! மறுக்கப்படக் கூடாதாம்!” என்று அயல்வீட்டுக்குக் கேட்கும்படி சிரிப்பார்.

என்னை எங்கும் ஏற்றிச் சென்றவர் ஓர் ஓட்டோ ஓட்டுநர். தீவை இணைக்கும் கடற்பாலத்துக்கு அப்பால், பெருநிலத்திலுள்ள பாப்பாமோட்டையில் நெல் விதைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். விதைப்புக்கும் அறுவடைக்கும் ஊருக்குப் போய்விட்டு, மற்ற மாதங்களில் கீரியில் ஓர் அறை எடுத்துத் தங்குவார். காலையிலும் பிற்பகலிலும் நான்கு வீட்டுப் பிள்ளைகளை மன்னார் நகரப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவதுதான் அவருடைய நிலையான தொழில்; என்னைப் போன்றவர்கள் இடையில் வந்து போகிறவர்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். குறைவாகப் பேசுவார். அதனாலேயே அவரை நான் கூர்ந்து கவனித்ததில்லை.

நான் ஊர் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்திய நாள் அது. மறுநாள் காலை ரயிலில் கொழும்பு, அதற்கடுத்த நாள் விமானம், அந்த வார இறுதியில் கல்லூரியில் கள ஆய்வின் முதல் மதிப்பீடு. அன்று மாலை மீனவர் சங்க மண்டபத்தில் எனக்கு ஒரு பிரியாவிடைக் கூட்டமும் ஏற்பாடாகியிருந்தது. அன்ரி விடியற்காலையிலேயே அயற்பெண்களுடன் பேருந்தில் மடு மாதா கோவிலுக்குப் போயிருந்தார், ஏதோ நேர்த்திக்கடன். நான் ஓட்டோவில் நகருக்குப் போய், உலர்த்திய புல் மாதிரிகளைத் தபால் கந்தோரில் அனுப்பிவிட்டு வந்தேன். கந்தோரில் வரிசை நீளம். தோள்பையை ஓட்டோவிலேயே விட்டுப் போயிருந்தேன்.

திரும்பும் வழியில் ஓட்டுநர் கேட்டார்: “நாளைக்குப் போறீங்கள் என்ன? பாஸ்போட் எல்லாம் பத்திரமா எடுத்து வைச்சிட்டீங்களோ, தங்கச்சி?”

“எல்லாம் பையில்தான் இருக்கிறது” என்றேன்.

நண்பகலில் பயணப் பெட்டியை அடுக்கும்போது பையின் உள்ளறையைத் திறந்தேன். ஆறு வாரங்கள் அங்கேயே இருந்த கடவுச்சீட்டு அங்கே இல்லை.

பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். பெட்டியைக் கவிழ்த்தேன். தலையணை உறைக்குள்ளும் பார்த்தேன். அன்ரியின் கைபேசிக்கு அழைத்தேன், அணைந்திருந்தது. அப்போது அறைக்குள் ஒரு விசித்திர அமைதி வந்தது. சன்னல் வழியே வெயில் வெள்ளைத் துணிபோல் தரையில் கிடந்தது. அந்தச் சிறு புத்தகம் இல்லாமல் நான் யார் என்று சொல்ல இந்த நாட்டில் ஒரு தாளும் இல்லை என்பது, யாரோ வேறொருத்தியைப் பற்றிய செய்திபோல மெல்லக் காதில் விழுந்தது. பயப்பட வேண்டும் என்று அறிவு சொன்னது. ஆனால் பயத்துக்கு முன்னால் வந்தது வாதம். பையை நான் பிரிந்திருந்தது ஓரிடத்தில்தான். அப்போது அதனருகே இருந்தவர் ஒருவர்தான். முதல் வாதம் கிடைத்ததும் மற்ற இரண்டும் தாமே வந்து அதன் பின்னால் நின்றன.

சந்தியில் நிழல்மரத்தடியில் ஓட்டோ நின்றிருந்தது. மீனவர் சங்கச் செயலாளர் மாலைக் கூட்டத்துக்கு உட்காரக் கதிரைகள் சொல்லிக்கொண்டிருந்தார். வலை உலர்த்திவிட்டு வந்த சிலரும், கடைக்கு வந்த பெண்கள் சிலரும் இருந்தார்கள். இரண்டு கழுதைகள் வழக்கம்போல நடுத்தெருவில் நின்றன. நான் அழுதிருக்கலாம், அழுதிருந்தால் எல்லாரும் சேர்ந்து தேடியிருப்பார்கள். நான் பேசினேன்.

முதலில் வாய்ப்பை நிறுவினேன்: தபால் கந்தோரில் நான் நின்ற அரைமணி நேரம் பை யாரிடம் இருந்தது? அடுத்து அறிவை நிறுவினேன்: கடவுச்சீட்டைப் பற்றி அன்று என்னிடம் தாமாக விசாரித்தவர் யார்? பிறகு ஒரு கணம் நிறுத்தினேன். காற்றுகூட நின்றதாக நினைவு, நின்றிருக்காது. குரலைத் தாழ்த்தி மூன்றாவதைச் சொன்னேன்.

“நீங்கள் அனைவரும் இந்தக் கரையில் பிறந்தவர்கள். உங்களில் ஒருவரையும் நான் ஐயுற மாட்டேன். ஆனால் இவர் இந்த ஊரவர் அல்லர். நாளை அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?”

கடல் கடந்து வந்திருந்த நான், கடற்பாலத்துக்கு அப்பாலிருந்து வந்த ஒருவரை அந்நியர் என்றேன். அதிலிருந்த கோணல் அங்கே ஒருவருக்கும் தென்படவில்லை. எனக்கும் தென்படவில்லை. வாக்கியம் அத்தனை நேராக இருந்தது.

“அட கடவுளே,” என்றார் வலைக்காரர் ஒருவர், வியப்போடு. “கோட்டில வழக்குப் பேசிற அப்புக்காத்துமாரே தோத்துப்போவினம்.”

“ஓம், அந்தப் பிள்ளை சொல்லுறதிலையும் நியாயம் கிடக்குதுதானே” என்றாள் ஒரு பெண்.

செயலாளர் ஓட்டுநரைப் பார்த்தார். “தம்பி, என்ன சொல்லுறீர்?”

ஓட்டுநர் தன் வண்டியின் பக்கம் திரும்பினார். ஓட்டோவின் பின்னிருக்கையைக் கழற்றி மணலில் வைத்தார். அதன் அடியிலிருந்த சாவிகள், பழைய துணி, ஒரு குழந்தையின் தண்ணீர்ப் போத்தல், காய்ந்துபோன பாண் ரொட்டித் துண்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முன்கண்ணாடியருகே ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தைக்கூடப் பிரித்து அதன் பின்புறத்தைக் காட்டினார். சட்டைப்பையை வெளியே இழுத்துவிட்டார். எல்லாம் மிக மெதுவாக, யாரையும் பாராமல்.

“பாருங்கோ” என்றார். அவ்வளவுதான்.

எதுவும் கிடைக்காதது என் வாதத்தை அசைக்கவில்லை. எடுத்தவர் உடன் வைத்திருப்பாரா என்று ஒரே கேள்வியில் அதையும் என் பக்கம் திருப்பிவிட்டேன். அன்ரி வந்ததும் பொலிசில் புகார் எழுதி என்றி போடுவதென்று செயலாளர் முடிவு செய்தார். நான் வென்றிருந்தேன். வென்றபின் மேடையிலிருந்து இறங்கும்போது உடல் லேசாகுமே, அதே லேசோடு வெயிலுக்குள் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

பிற்பகலில் பள்ளி விட்டது. சன்னலருகே படுத்திருந்தேன். மணலும் வெயிலும் சேர்ந்து தெருவை மங்கலாக்கியிருந்தன. அந்த மங்கலுக்குள்ளிருந்து ஒரு தாய் சைக்கிளில் வந்தாள். பின்னால் சீருடையில் அவள் பிள்ளை. அடுத்து இன்னொருத்தி. அதற்கும் பின்னால் இருவர், முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, எதிர்காற்றில் சைக்கிளை உந்தித் தள்ளியபடி. நெடுநேரம் கழித்து ஓட்டோ வந்தது. உள்ளே யாருமில்லை. அது ஒரு கனவின் ஊர்வலம்போல அழகாக இருந்தது என்று எழுதவே கூசுகிறது. எழுந்து உட்கார்ந்தேன். காலையில் நான் பார்த்த ஓட்டோவில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள்.

ஐந்து மணிக்கு அன்ரி மடுவிலிருந்து வந்தார், கையில் தீர்த்தப் போத்தலும் செபமாலையுமாக. சந்தியிலேயே செய்தி அவரைப் பிடித்திருந்தது. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

“பிள்ளை, உங்கட பாஸ்போட் மாதாவிட்டையெல்லோ கிடக்குது!”

வீட்டின் நடுவறையில், அலுமாரியின் மேல், ஒரு பின்னல் துணியை விரித்து மாதாவின் சிறு சிலையை, அவர்கள் சொல்லில் சுருவத்தை, வைத்திருந்தார்கள். அன்ரி சுருவத்தை இரு கைகளாலும் தூக்கினார். துணிக்கடியில் என் கடவுச்சீட்டு இருந்தது. அந்த வீட்டிலிருந்து யார் பயணம் போனாலும், போவதற்கு முன் அவர்களுடைய தாள்கள் மாதாவின் காலடியில் இருக்க வேண்டும். மகனின் கட்டார் விசா மூன்று நாள் இருந்ததாம். கணவருடைய படகின் அனுமதிப் பத்திரம் ஒவ்வோர் ஆண்டும் ஓர் இரவு இருக்குமாம்.

“உங்களிட்டைச் சொல்லிப்போட்டுத்தானே எடுத்தனான். நேற்றுப் பின்னேரம் கடற்கரையில நிண்டு கையை ஆட்டிக் கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். ‘பிள்ளை, பாஸ்போட்டை எடுத்து மாதாவிட்டை வைக்கட்டோ?’ எண்டு கேட்டன். ஓம் எண்டு தலையாட்டினீங்கள்.”

நினைவு வந்தது. பிரியாவிடைக் கூட்டத்துக்கான உரையைக் கடலை அவையாகக் கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ ஏதோ கேட்டார்கள். முடிவுரையின் நடுவில் இருந்ததால், கேட்பவரை அனுப்பிவிடும் அளவுக்கு மட்டும் தலையசைத்தேன். காற்று ஒன்றையும் கொண்டுபோகவில்லை. நான்தான் கேட்கவில்லை.

கடவுச்சீட்டு கைக்குக் கிடைத்ததும் வந்திருக்க வேண்டிய மகிழ்ச்சி வரவில்லை. அந்த ஆறு பிள்ளைகளின் இடங்கள்தான் கண்முன் இருந்தன. எப்படியும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். என்னிடம் ஒரு மண்டபமும் ஓர் அவையும் இருக்கின்றனவே.

மாலைக் கூட்டத்தில் ஒத்திகை பார்த்த உரையை விட்டுவிட்டேன். எனக்கு எதிராக நானே வழக்காடினேன். ஒரு தலைப்பின் இரு பக்கமும் பேசப் பயின்றவள். நண்பகலில் கட்டிய மூன்று வாதங்களையும் ஒவ்வொன்றாக அடித்தளத்திலிருந்து பெயர்த்தேன். அவர் குற்றமற்றவர் என்றேன். குற்றம் என் செவியுடையது என்றேன். குரல் தழுதழுத்தது, உண்மையாகவே. முடித்தபோது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

செயலாளர் என் கையைக் குலுக்கினார். “அருமையான பேச்சு. எங்கட பெடியங்கள் பழக வேணும், பிள்ளை.”

வாசலில் நான்கு தாய்மாரில் ஒருத்தி நின்றாள். ஒல்லியானவள், பிள்ளையின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

“நல்லாக் கதைச்சீங்கள்” என்றாள். “மத்தியானமும் இதே மாதிரித்தான் நல்லாக் கதைச்சீங்கள். எனக்கு அழுகையே வந்திட்டுது, அப்பவும் இப்பவும். இதில எதைத் தங்கச்சி நான் நம்பிறது?”

“இப்போது சொன்னதுதான் உண்மை.”

“ஓம். அப்பவும் அப்பிடித்தானே சொன்னீங்கள்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வெறுமனே, விலை கேட்பதுபோலக் கேட்டாள்.  பிள்ளையோடு தெருவில் இறங்கி நடந்தாள்.

கோவில் மதிலோரம் ஓட்டோ நின்றது. மேற்கே வானம் உப்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் முன்னிருக்கையில் காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார். அன்ரி சற்றுத் தள்ளி நின்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். முதல் வாக்கியம் நன்றாகவே அமைந்தது. இரண்டாவதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

“எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம், தங்கச்சி. நான் எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். எனக்கெதுக்குச் சொல்லுறீங்கள்?”

“மண்டபத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், அண்ணா.”

“கேட்டுது. கையும் தட்டிச்சினம்.” மதிலைப் பார்த்தபடி சொன்னார்: “நாளைக்குக் காலமை அந்த நாலு வீட்டுக்கும் போங்கோ. ஒவ்வொரு வீட்டுக்கும். அதுதான் எனக்கு வேணும்.”

“காலையில் எனக்கு ரயில்...” என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அன்ரி என் முழங்கையைத் தொட்டார். “போறன்” என்றேன், என்னை அறியாமல் அவர்களுடைய சொல்லில்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் புறப்பட்டோம். காற்று இன்னும் எழவில்லை. மணல் குளிர்ந்திருந்தது, மணலில் நடக்கும் ஓசையே கேட்கவில்லை. வேலிகளுக்கு மேலே சமையல் புகை நேராக நின்றது. அன்ரி முன்னால், நான் பின்னால், கையில் கடவுச்சீட்டு. வழியில் அன்ரி சொன்னார்: “நேற்று மாதிரிக் கதைக்காதேங்கோ, பிள்ளை. நடந்ததைச் சொல்லுங்கோ.”

முதல் வீட்டில் அன்ரிதான் பேசினார். “நான் எடுத்து மாதாவிட்டை வைச்சனான். இவவிட்டைச் சொன்னனான், இவ கேக்கேல்லை.” பிறகு என்னைப் பார்த்தார். “அவர் எடுக்கவில்லை. நான் பார்க்காமல் சொல்லிவிட்டேன்” என்றேன். அதற்கு மேல் நாவில் எத்தனையோ வாக்கியங்கள் வரிசையில் வந்து நின்றன. விழுங்கினேன். அந்தத் தாய் என் கையிலிருந்ததை வாங்கி, படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, திருப்பித் தந்தாள். “சரி. பிள்ளையை அனுப்பிறன்.”

இரண்டாம் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டோம் என்றார்கள். மூன்றாம் வீட்டில் பிள்ளையின் தகப்பன் சிரித்தார்: “மாதாவே ஒளிச்சு வைச்சா ஆர் கண்டுபிடிக்கிறது?” அதற்குள் தீவின் மேற்கிலிருந்து நான் ஏற வேண்டிய ரயிலின் ஊதல் வந்தது, நீண்டு, மெலிந்து, வெகுநேரம் காதில் நின்றது. அன்ரி என்னைப் பார்த்தார். “ஒன்பது மணிக்கு பஸ் இருக்கு” என்றார். நாங்கள் நடந்தோம்.

நான்காம் வீடு மண்டப வாசலில் பேசிய பெண்ணுடையது. வேலிக் கதவான படலைக்கு அப்பால் நின்றே கேட்டாள். நான் சொன்னேன், அன்ரி சொன்னார். அவள் தலையசைத்தாள்.

“ஏன் அவர்தான் எண்டு நினைச்சனீங்கள்?” என்றாள்.

“அவர் வெளியூர். எல்லாரும் எளிதில் நம்புவார்கள் என்று தெரியும்.”

அதை முன்பு எனக்குள்ளேகூட நான் சொன்னதில்லை.  “யோசிக்கிறன்” என்று சொல்லிப் படலையைச் சாத்தினாள்.

ஓட்டோ வந்தது. என்னைப் பேருந்து நிலையத்தில் விடும்படி அன்ரி கேட்டார்; அவர் மறுக்கவில்லை. பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டேன். மூன்று வீட்டிலும் பிள்ளைகள் ஏறினார்கள். ஐந்து பேர், ஒருவர் மடியில் ஒருவராக, தலையில் எண்ணெய் மணத்தோடு. “அக்கா, உங்கட பாஸ்போட்டைக் காட்டுங்கோ” என்று கேட்டு, படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான்காம் படலையிலும் அவர் நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பிள்ளைகளும் பேச்சை நிறுத்தினார்கள். காற்று எழத் தொடங்கியிருந்தது, வேலியோலை சரசரத்தது. அந்தப் பெண் வெளியே வந்தாள்.

“இண்டைக்குத் தகப்பனோட சைக்கிளில போயிட்டான், அண்ணை.”

“சரி அக்கா. நாளைக்கும் வந்து பாக்கிறன்” என்றார் ஓட்டுநர். குரலில் எதுவும் இல்லை.

பேச எனக்கு அப்போது இடம் இருந்தது, அவையும் இருந்தது. நான் பேசவில்லை. அவர் எஞ்சினைக் கிளப்பினார். அந்தப் பிள்ளை நாள்தோறும் உட்காரும் இடத்தில், பெட்டியை முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.